கிழியாத சீல்

அத்தியாயம் பதினேழு

"விபா, லக்னோக்காரி எத்தனை மணிக்கு வர்றா?"

"மூணு மணிக்கு, அத்தை."

"இப்ப என்ன மணி?"

"எட்டரை."

"அப்ப ஆறரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள உன் பெரியத்தான் யாரையாவது வேலையை விட்டு அனுப்பிடுவான் பாரு. அவனுக்குக் கோபம் வந்தா ஒரு ஆளாவது வாசப்படி தாண்டணும்."

பிரேம்வதி சொல்லி வாய் மூடவில்லை. முற்றத்திலிருந்து மூத்த மகன் கிருபாசங்கரின் குரல் வந்தது.

"சகீனாவைக் கூப்பிடு!"

கன்னோஜில் ஹர்தயாள் வீட்டு அத்தருக்கு நூறு வருஷப் பேர். அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு நேற்று சாயங்காலம் ஒரு கூரியர் வந்தது. லக்னோவில் மூன்று ஓட்டல்களில் பரிசுக் கடை வைத்திருக்கும் நளினி தல்வார், போன மாதம் வாங்கிய அறுபது ரோஜா அத்தர் குப்பிகளில் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு ஜிப் கவரில், அவள் கிழித்த சீல் உறை. கூடவே நாலு வரிக் கடிதம்.

'சீல் நான் கிழிக்கும்வரை கிழியவில்லை. அளவும் குறையவில்லை. ஆனால் உள்ளே இருப்பது நீங்கள் காட்டிய இந்த வருட ரோஜா இல்லை. பழைய சரக்கு கலந்திருக்கிறது. சீல் போடுவதற்கு முன்பே கலந்தீர்கள் என்றுதானே அர்த்தம்? மிச்சக் குப்பிகளோடு நாளை நேரில் வருகிறேன்.'

அந்த சீல் இளைய மருமகள் விபாவின் சீல். சூடு பட்டதும் குப்பியின் கழுத்தோடு ஒட்டிச் சுருங்கும் மெல்லிய உறை. வீட்டுப் பெயர் அச்சடித்தது. ஒரு புள்ளிக்கோடு ஓடும். அதைப் பிடித்து இழுத்தால் கிழியும், கிழிந்தால் திரும்ப ஒட்டாது. கன்னோஜ் அத்தர் என்று சொல்லிக் கண்ட எண்ணெயையும் விற்கிறார்களே என்று இரண்டு வருஷம் வீட்டோடு மல்லுக்கட்டி அவள் கொண்டுவந்தது. அந்த சீலைப் பார்த்துத்தான் நளினி தல்வார் ஆர்டரே கொடுத்தாள்.

கிருபாசங்கர் நேற்றே சொல்லிவிட்டார். "ஆர்டர் போனா சீலும் போகும். சீல் போனா சின்னவ பழையபடி அடுப்படிக்குப் போகலாம்."

இப்போது முற்றத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பருவத்தின் கடைசி ரோஜா மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தராசுப் பக்கம் விபாவின் கணவன் அனூப் நின்றான். யாரையும் பார்க்காமல் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சகீனா வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாகக் குப்பி நிரப்புகிறவள்.

"அந்த அறுபதையும் நிரப்பினது யாரு?"

"நான்தான் சேட்ஜி."

"சீல் போட்டது?"

"நான்தான்."

"அப்ப பழசைக் கலந்தது யாரு?"

"கலக்கறதுக்குப் பழைய ஜாடி என் வீட்டுலயா இருக்கு, சேட்ஜி? என் வீட்டுல இருக்கிற ஒரே ஜாடியில ஊறுகாய்தான் இருக்கு."

பூ கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை முந்தானையில் பிடித்தார்கள். கிருபாசங்கர் சிவந்துபோனார்.

"வாயைப் பாரு. கணக்கை முடிச்சுக்கிட்டு நடையைக் கட்டு."

விபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாமியாரின் பின்னால் வந்து நின்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கணவனின் அண்ணனோடு அவள் நேருக்கு நேர் பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. எதுவானாலும் மாமியார் வழியாகத்தான்.

"அத்தை, பெரியத்தான்கிட்ட கேளுங்க. போன வருஷ ரோஜா இந்த வீட்டுல ஒரு சொட்டாவது இருக்கா?"

"கேட்டியா?" என்றாள் பிரேம்வதி.

"அம்மா, அவகிட்ட சொல்லு. இல்ல. தீபாவளிக்கு முன்னாடியே எல்லாம் கடைக்குப் போயாச்சு."

"கேட்டியா?"

"அப்படின்னா சகீனாக்கா எதைக் கலந்தாங்கன்னு கேளுங்க, அத்தை."

"அம்மா, சின்னவகிட்ட சொல்லு, இதெல்லாம் பொம்பளைங்க..."

"அட நிறுத்துங்கடா! ரெண்டு பேரும் நாலு அடி தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பியா?"

சகீனாவே சிரித்துவிட்டாள். ஆனால் விபா சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஜிப் கவரை எடுத்தாள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"அத்தரைத்தான் நேத்தே மோந்தாச்சே. முக்கால் பங்கு இந்த வருஷம். கால் பங்கு போன வருஷம். அவ சொல்றது சரிதான்."

"இது அத்தர் இல்ல. உறை."

"பிளாஸ்டிக்கையா? உன் சீல் வந்த அன்னிக்கே என் மூக்குக்கு வேலை போச்சுன்னு நெனச்சேன். இப்ப குப்பையைப் பொறுக்கற வேலை குடுக்கறியா?"

"ஒரே ஒரு தடவை."

கன்னோஜில் மூக்குக்கு மரியாதை உண்டு. பிரேம்வதியின் மூக்குக்கு அந்தத் தெருவே மரியாதை கொடுக்கும். கவரின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் இருந்த எரிச்சல் மெல்ல மறைந்தது.

"இஞ்சி."

மறுபடி ஒரு முறை முகர்ந்தாள்.

"இஞ்சி தட்டிப் போட்ட டீ. பால் பொங்கி அடுப்புல வழிஞ்சு தீஞ்சிருக்கு. எருமைப் பால்." கண்ணைத் திறந்தாள். "யாருடி நிரப்பற ரூமுக்குள்ள டீ கொண்டு போனது?"

"யாரும் இல்லை, அத்தை. நீங்க போட்ட சட்டம். அந்த ரூமுக்குள்ள தண்ணி தவிர ஒண்ணும் போகக் கூடாது. நாங்க சுருக்கறது சூடான காத்துல. இது ஆவியில சுருங்கின உறை. டீ ஆவி."

"அதனால?"

"அதனால இந்த சீல் இந்த வீட்டுல போட்டதில்ல. யாரோ குப்பியைத் திறந்து, கலந்து, புது உறை மாட்டி, கெட்டில் மேல பிடிச்சிருக்காங்க."

கிருபாசங்கர் கையை வீசினார். "அம்மா, சொல்லு அவகிட்ட. பஜார்ல நூறு டீக்கடை இருக்கு."

"டீக்கடை நூறு இருக்கட்டும், அத்தை. நம்ம பேர் அச்சடிச்ச உறை எத்தனை இடத்துல இருக்கும்? கான்பூர் அச்சகத்துலேர்ந்து நேரா என் டப்பாவுக்கு வருது. டப்பா பூட்டியிருக்கு. சாவி..."

அவள் அங்கேயே நிறுத்தினாள். சாவி குளிக்கும் நேரம் தவிர அவள் இடுப்பில்தான் இருக்கும். குளிக்கும் நேரம் அறைச் சுவரில், ஆணியில். அந்த எண்ணத்தை அவள் முடிக்க விரும்பவில்லை.

"சகீனாக்கா மூணு மணி வரைக்கும் எங்கயும் போக வேண்டாம்னு சொல்லுங்க, அத்தை. நான் கடைக்குப் போய்ட்டு வரேன்."

அனூப் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "இந்த வெயில்ல பஜாருக்கு எதுக்கு? நான் வேணா போய்..."

"வேணாம். நான் போறேன்."

---

பெரிய பஜாரில் ஹர்தயாள் வீட்டுக் கடை எட்டடி அகலம். வெள்ளை மெத்தை, கண்ணாடி அலமாரி, நடுவில் ஜக்மோகன் சித்தப்பா. மாமனாரின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் கடையையே கட்டிக்கொண்டவர். காது மடலில் எப்போதும் ஓர் அத்தர்ப் பஞ்சு செருகியிருக்கும். பின்பக்கம் ஒரு சின்ன அடுப்பு. வருகிறவர்களுக்கு டீ கொடுக்காமல் அவர் விலை சொல்ல மாட்டார்.

விபா பேட்டரி ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது கடையில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் உருளைக்கிழங்குக் கிடங்குக் குமாஸ்தாபோல் இருந்தார். விபா தூணோரம் ஒதுங்கி நின்றாள்.

"ரோஜா காட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

"ரோஜாவா! இந்த வருஷ ரோஜா இருக்கும்மா, ராணி மாதிரி." சித்தப்பா சீல் போட்ட குப்பியை எடுத்து வைத்தார்.

"மூடியிருக்கே."

"மூடித்தான் வருது. புது ஏற்பாடு."

"மோந்து பாக்காம எப்படி வாங்கறது? பொண்ணு பாக்காம கல்யாணம் பண்ற மாதிரி."

"என் கல்யாணம் அப்படித்தானே நடந்தது" என்றார் குமாஸ்தா.

"அதான் அனுபவிக்கிறேன்" என்றாள் அவள்.

சித்தப்பா உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே புள்ளிக்கோட்டைப் பிடித்து 'சர்'ரென்று கிழித்தார். மூடியைத் திறந்தார். கண்ணாடிக் குச்சியால் அவள் புறங்கையில் ஒரு சொட்டு, அவர் புறங்கையில் ஒரு சொட்டு. பஞ்சில் தொட்டு அவர் காதுக்கு ஒன்று.

அந்தப் பெண் நெடுநேரம் முகர்ந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மாமியாருக்கு மல்லிதான் பிடிக்கும்."

மல்லி வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள்.

சித்தப்பா ரோஜாக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெரிய ஜாடியிலிருந்து இரண்டு சொட்டு விட்டு மட்டம் சரிபார்த்தார். மூடினார். மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு புது உறையை உருவி, குப்பியின் கழுத்தில் மாட்டி, பின்னால் திரும்பி, கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் பிடித்தார்.

"முக்காடு போட்டாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சித்தப்பா."

அவர் திரும்பினார். திடுக்கிடவில்லை. அதுதான் விபாவைத் திடுக்கிட வைத்தது.

"அட, மருமகளே! வா வா. டீ குடிக்கிறியா?"

"இதை எத்தனை நாளா பண்றீங்க?"

"எதை?"

"கிழிச்சு, திருப்பி மாட்டறதை."

"உன் முக்காடு வந்த நாளா. வேற என்ன பண்றது? ஒரே குப்பியை நாளைக்குப் பத்துப் பேர் மோந்து பாக்கணும்ங்கறாங்க. கிழிச்சதை அப்படியே வெச்சா அடுத்தவன் 'ஏன் கிழிஞ்சிருக்கு'ங்கறான். அதான் மறுபடி மாட்டிடறேன். பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"அந்த ஜாடியில என்ன?"

"ரோஜாதான். தண்ணியா ஊத்தறேன்? நம்ம ரோஜா. போன வருஷத்தோடது."

"சித்தப்பா, சீல்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். குப்பி அழகா இருக்கும்."

விபா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தோடுதான் வந்தாள். யார்மேல் கோபப்படுவது? ஐம்பது வருஷமாக ஒரு சொட்டுக் கலப்படம் செய்யாத மனுஷன். புறங்கையில் ஒரு சொட்டு வைக்காமல் வாடிக்கையாளரை அனுப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு.

"தப்பு என்னோடதும்தான் சித்தப்பா. திருடனை நெனச்சு சீல் போட்டேன். நம்ம ஊர் மூக்கை நெனைக்கல."

"திருடனா? எந்தத் திருடன்?"

அவள் சொன்னாள். கூரியர், கடிதம், சகீனா, மூன்று மணி. சித்தப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே வைத்தார்.

"என் குப்பி லக்னோவுக்கு எப்படிப் போச்சு?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு..."

"இரு. நீ தம்பி வீட்டுப் பெயர் வெக்கிற விசேஷத்துக்கு ஃபரூக்காபாத் போயிருந்தே இல்ல? அன்னிக்கு வந்தான். 'அறுபதுக்கு ஆறு குறையுது சித்தப்பா, கடையிலேர்ந்து குடுங்க'ன்னான். ஆறு எடுத்துக் குடுத்தேன். எல்லாத்துக்கும் அழகா முக்காடு இருந்ததே!"

"யார் வந்தது?"

சித்தப்பா கெட்டிலைப் பார்த்தார்.

"உறையும் அவர்தான் குடுத்தாரா?"

"நான் கேட்டேன். குடுத்தான். கேட்டா இல்லேன்னு சொல்லத் தெரியாத பிள்ளை. அவனைத் திட்டாதே."

"பேரைச் சொல்லுங்க, சித்தப்பா."

"உனக்கே தெரியும் மருமகளே. என் வாயால எதுக்கு?"

---

நிரப்பும் அறையில் அனூப் அவளுக்காகக் காத்திருந்தான்.

"போய்ட்டு வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"சித்தப்பா..."

"உங்களைத் திட்ட வேணாம்னு சொன்னார். திட்டல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலைல சகீனாக்கா அங்க நின்னாங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன்."

"எப்ப?"

"அண்ணன் உக்காந்திருந்தாரு."

"மூணு மணிக்கும் உக்காந்திருப்பாரு."

"விபா, சாதாரண பிளாஸ்டிக் உறை. ஒரு பட்டை எடுத்துக் குடுத்தேன். இவ்வளவு தூரம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷம் ராத்திரி பகலா எதுக்காகப் பேசிக்கிட்டிருந்தேன்னு இந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

அவன் மேசைமேல் இருந்த காலிக் குப்பியை நகர்த்தி வைத்தான்.

"லக்னோ அம்மா கேப்பாங்க, உறையை யார் குடுத்ததுன்னு. நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்."

"அண்ணன் முன்னாடியா?"

"எல்லார் முன்னாடியும்."

---

மூன்று மணிக்கு வருகிறேன் என்றவள் இரண்டே முக்காலுக்கு வந்தாள். நளினி தல்வாருக்கு ஐம்பது வயதிருக்கும். வெட்டிய நரைமுடி, கையில் ஒரு வளையல்கூட இல்லை. டிரைவர் ஐந்து பெட்டிகளைக் கூடத்தில் இறக்கினான். பூரியும் உருளைக்கிழங்கும் தட்டில் வந்தன. அவள் தொடவில்லை.

"சாப்பாடு அப்புறம். முதல்ல பதில்."

கிருபாசங்கர் தொண்டையைச் செருமினார். "வேலைக்காரி செஞ்ச தப்புங்க மேடம். கண்டுபிடிச்சாச்சு. இன்னிக்கே கணக்கு முடிச்சு..."

"இல்லை, பெரியத்தான்."

குரல் மாமியார் வழியாக வரவில்லை. நேராக வந்தது. முக்காடு தோளில் கிடந்தது. பிரேம்வதி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். கிருபாசங்கருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பூரியைப் பார்த்தார்.

"சகீனாக்கா சீல் போட்டபடியே உங்ககிட்ட வந்தது அம்பத்துநாலு குப்பி. அதுல தப்பு இல்லை. மிச்சம் ஆறு எங்க கடையிலேர்ந்து வந்தது. கடையில எங்க சித்தப்பா வாடிக்கையாளர் மோந்து பாக்கறதுக்காக சீலைக் கிழிச்சு, குறைஞ்சதுக்கு போன வருஷ ரோஜா விட்டு, திரும்ப சீல் போட்டிருக்கார். ஏமாத்தணும்னு இல்லை. ஆனா நடந்தது அதுதான்."

நளினி அவளையே பார்த்தாள். "அறுபதுல ஒண்ணு தப்புன்னு நான் சொல்றேன். நீங்க ஆறுங்கறீங்களா?"

"ஆமா. இன்னும் அஞ்சு உங்ககிட்ட இருக்கு."

"அம்பத்தொம்பது குப்பியையும் திறந்து பாக்கணுமா?"

"வேண்டாம். திறக்காமலே எடுத்துத் தரேன். நான் கண்ணால பாக்கறேன். எங்க அத்தை மூக்கால பாக்கட்டும். ஒருத்தருக்கொருத்தர் பாக்காம. ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போகலேன்னா, இந்த சீல் சும்மா அலங்காரம்தான். நானே எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன்."

"என்னைக் கேட்டியாடி?" என்றாள் பிரேம்வதி.

"இப்ப கேக்கறேன், அத்தை."

"இத்தனை பேர் முன்னாடி கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? தள்ளு, தண்ணி குடிச்சுட்டு வரேன்."

முதலில் விபா. நளினி ஒவ்வொரு குப்பியின் அடியிலும் பென்சிலால் எண் போட்டு வரிசையாக வைத்தாள். பிரேம்வதி அடுத்த அறைக்குப் போனாள். விபா ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சூடான காற்றில் சுருங்கிய உறையின் விளிம்பு நேராக இருக்கும். ஆவியில் சுருங்கினால் அப்பளம் பொரிந்ததுபோல் நெளியும். மடிப்பில் ஒரு வெண்மூட்டம் இருக்கும். இருபது நிமிஷம் ஆனது. ஐந்து எண்களைத் தாளில் எழுதி மடித்து நளினியிடம் கொடுத்தாள்.

பிறகு பிரேம்வதி. உறையின் புள்ளிக்கோட்டுக்கு நேரே மூக்கை வைத்து, ஒன்று முகர்ந்து, தன் புடவைத் தலைப்பை முகர்ந்து, அடுத்ததற்குப் போனாள். ஒரு குப்பியை ஒதுக்கினாள். இன்னொன்று. முப்பதைத் தாண்டியபோது அவள் நெற்றி வேர்த்திருந்தது.

"போதும்மா, தலை சுத்தப் போகுது" என்றார் கிருபாசங்கர்.

"நீ பூரியைப் பாரு."

கடைசியில் அவள் ஒதுக்கியவை ஆறு.

நளினி தாளைப் பிரித்தாள். "மருமகள் அஞ்சு. மாமியார் ஆறு."

விபா சட்டென்று குப்பி வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"அந்த அஞ்சும் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு" என்றாள் நளினி. "ஆனா நாப்பத்தொண்ணு அதிகம். இதுல டீ இருக்கா, அம்மா?"

"இருக்கு."

"விளிம்பு நேரா இருக்கு, அத்தை. இது இங்க போட்டது."

"உன் கண்ணு என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. இதுல டீ இருக்கு. இஞ்சி இல்ல. ஏலக்காய்."

கதவோரத்தில் சகீனா நெளிந்தாள். "அம்மா... அது நான்தான்."

"என்னது?"

"அன்னிக்குத் தலைவலி. வாசல்ல நின்னு ஒரு டம்ளர் குடிச்சேன். கையைத் துடைச்சேன். கழுவல."

"கழுவலையா! நாப்பது வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தறேன்..."

நளினி தல்வார் அப்போதுதான் சிரித்தாள். ஆறையும் தானே கிழித்துத் திறந்தாள். தன்னோடு கொண்டுவந்த மாதிரிக் குப்பியையும் திறந்து, புறங்கையில் மாற்றி மாற்றித் தொட்டு முகர்ந்தாள். ஐந்தில் பழைய ரோஜா. நாற்பத்தொன்றில் சுத்தமான புதுசு.

"சரி. சீல் பேசுது. கேக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கேக்குது." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு கேள்வி. உங்க பேர் அச்சடிச்ச உறை கடைக்கு எப்படிப் போச்சு? யார் குடுத்தது?"

விபா கணவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அனூப் தூணோடு தூணாக நின்றான். கிருபாசங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் பிரேம்வதி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கொழுந்தன் கேட்டார். குடுத்தேன். எனக்கென்ன தெரியும் இந்த சீல் சமாசாரமெல்லாம்? கிழவி. தப்புத்தான்."

நளினி தலையசைத்தாள். "பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க. அப்ப முடிஞ்சது."

முடிந்ததுதான். ஆர்டர் பிழைத்தது. சகீனா பிழைத்தாள். சீல் பிழைத்தது. விபா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அத்தை குடுக்கல" என்றாள் விபா.

"ஏய்!"

"அத்தை குடுக்கல, மேடம். யார் குடுத்ததுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா பொய்க்கு மேல சீல் போட எனக்குத் தெரியாது."

வெளியே யாரோ காலி மூட்டையை உதறினார்கள்.

"நான்தான்." அனூப்பின் குரல் கரகரத்தது. "உறையைக் குடுத்தது நான். ஆறு குப்பியைக் கொண்டுவந்து பெட்டியில வெச்சதும் நான். காலைல சகீனாக்காவை அண்ணன் விரட்டினப்ப பேசாம நின்னதும் நான்தான்."

கிருபாசங்கர் எழுந்தார். "டேய்..."

"உக்காருங்க அண்ணா. ஒரு தடவையாவது நான் பேசி முடிச்சுடறேன்." ஆனால் அதற்குமேல் அவனுக்குப் பேச ஒன்றுமில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

நளினி தல்வார் கிழிந்த உறை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"'ஹர்தயாள் வீடு'ன்னு போட்டிருக்கு. ஹர்தயாள் யாரு?"

"எங்க தாத்தாவோட அப்பா" என்றார் கிருபாசங்கர் பெருமையோடு.

"அவர் வந்து பதில் சொல்லுவாரா?"

"அவர் போய் எழுபது வருஷம் ஆச்சுங்க."

"அப்ப பதில் சொல்றவங்க பேரைப் போடுங்க." அவள் விபா பக்கம் கையைக் காட்டினாள். "அடுத்த அறுபதும் எனக்கு வேணும். பத்து நாள்ல. உறையில இவங்க பேரும் இருக்கணும். இல்லேன்னா வேணாம். கடையில மோந்து பாக்கறதுக்கு என்ன வழி?"

"டஜனுக்கு ஒரு குப்பி சீல் இல்லாம வரும்" என்றாள் விபா. "கறுப்பு மூடி. அது மோந்து பாக்க மட்டும். விற்கறதுக்கில்லை. எங்க சித்தப்பா கடைக்கும் அதேதான்."

"எனக்கும் அனுப்புங்க. என் வாடிக்கைக்காரங்களுக்கும் மூக்கு இருக்கு." இப்போதுதான் பூரித் தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். "ஆறிப் போச்சு. பரவாயில்லை."

---

கார் தெருமுனை திரும்பியதும் கிருபாசங்கர் வெடித்தார்.

"நூறு வருஷப் பேரு! அதுமேல வீட்டுக்கு வந்த பொண்ணு பேரா? ஊர் சிரிக்கும். அம்மா, கடை, பட்டறை எல்லாம் உன் பேர்ல இருக்கு. உன் கையெழுத்து இல்லாம அச்சகத்துல ஒரு எழுத்து மாறாது. நீ மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

பிரேம்வதி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது குப்பி முகர்ந்த மூக்கு.

"நீ போய் அத்தர் வடிக்கற அடுப்பை அணைக்கச் சொல்லு. பூ தீஞ்சிடும்."

அவர் போனார். அனூப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. அவனுக்குக் காது கேட்கும் தூரம்தான்.

"ஏண்டி, என் பொய் உனக்கு ஆகலையா?" என்றாள் பிரேம்வதி. "உன் புருஷனைத்தானே காப்பாத்தினேன்."

"உங்க பிள்ளையைக் காப்பாத்தினீங்க, அத்தை. எனக்குப் புருஷன் வேணும். அதான்."

பிரேம்வதி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு கான்பூர் கிளம்பறேன், அத்தை. அச்சகத்துக்கு."

"என் கையெழுத்து?"

"அதோடதான் போகணும்னு ஆசை."

"ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லு. உறையில உன் பேர்னா, எந்தப் பேரு? இன்னார் பொண்டாட்டி, இந்த வீட்டு மருமகள்னு போடற பேரா? இல்ல வெறும் பேரா?"

வாசற்படியில் அந்த முதுகு அசையவில்லை.

விபா அந்தப் பக்கம் பார்த்தாள். பதினோரு வருஷம் அவள் சாய்ந்துகொண்ட முதுகு.

"விபா" என்றாள். "வெறும் விபா."

"அப்படின்னா என் கையெழுத்து சுலபமாக் கிடைக்காது."

"சரி, அத்தை. பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் நிரப்பும் அறைக்குள் போனாள். சகீனா ஏற்கெனவே உள்ளே இருந்தாள், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு.